ஞாயிற்றுக்கிழமை நான் ஆரணிக்கு வரவில்லை

சரவணா,

போன வாரம் போனில் நீ சொன்னதற்கெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். வைத்த கையோடு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்று பார்த்தேன். ஆனால் வாயால் உன்னோடு சண்டை போட்டு நான் ஜெயித்ததே கிடையாது. நீ கொஞ்சம் வேகமாகப் பேசினால் என் வாயில் "சரி" தானாக வந்து விழுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று பாதியில் மடித்து வைக்காதே. உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ சொன்னது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டாரும் நாமும் ஒரே வேனில் ஆரணிக்குப் போய்க் கூறைப்புடவை எடுக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அந்த ஒரு நாள்தான் தோதாக இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா இல்லாமல் முடியாது. "அன்னைக்குத்தாம்பா எனக்குப் பரீட்சை" என்று நான் இழுத்தேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "அம்மா, அந்த யோகா கதையைப் பத்தி அவங்க வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடாத. கல்யாணம் முடியட்டும்" என்றாய். ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் மூச்சை இழுங்க, மூச்சை விடுங்க என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். என்னிடம் போய் மூச்சு விடாதே என்கிறாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். பெற்ற பிள்ளை சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். நம் மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம் உனக்குப் பதினோரு வயது. டவுன் ஹைஸ்கூலில் ஆறாவது சேர்ந்திருந்தாய். ஒருநாள் கூடப்படிக்கிற பையன் ஒருவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் அப்போதுதான் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு முடித்து, முந்தானையெல்லாம் சாம்பார் வாசனையோடு வந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், நீங்க எந்த கிளாஸ் எடுக்கறீங்க?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிப் போய் நின்றாய். சத்துணவு அமைப்பாளர் மகன் என்று சொல்ல வெட்கப்பட்டு, டீச்சர் மகன் என்று சொல்லி வைத்திருக்கிறாய். அந்த இடத்தில் உன்னை இழுத்து நிறுத்தி, "நான் சோறு போடறவ. அதுல இன்னா கேவலம்?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மூணாவதுப்பா" என்றேன். அதோடு விட்டதா? அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு வருஷம் நான் மூணாங்கிளாஸ் டீச்சராக இருந்தேன். அவன் தங்கைக்குக் கணக்கு வரவில்லை என்று யோசனை கேட்டான்; அதையும் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன். அன்றைக்கு உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அம்மாவைப் பற்றி வெட்கம் வந்தால் அம்மாவே வந்து பூசி மெழுகிவிடுவாள் என்று உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இந்த யோகா எப்படி வந்தது என்று நீ ஒருநாள்கூடக் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். சமையல் ஆயா வராத ஒரு நாள் சாம்பார் அண்டாவைத் தனியாகத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றரை மாதம் படுக்கை. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆரஞ்சு வாங்கி வைத்துவிட்டுப் போனாய். ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா சொல்லித்தான் செங்கம் ரோட்டில் இருக்கிற யோகா கூடத்துக்குப் போனேன். வார நாளில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், சனி ஞாயிறு நம் ஆட்களுக்கு. மூன்று மாதத்தில் குனிந்து கோலம் போட்டேன். அப்புறம் அங்கேயே, ஆசிரியர் ஆவதற்கு ஒரு வருஷப் பயிற்சி நடக்கிறது என்றார்கள்; சேர்ந்துவிட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் வெளிநாடு போகிற ஆசையில் வந்தவர்கள். என் உடம்பு அவர்கள் மாதிரி வளையவில்லை. ஆனால் ஒருத்தர் நடந்து வந்து பாயில் உட்காருவதற்குள் அவருக்கு எங்கே பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பதினெட்டு வருஷம் தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்த கண் இது. எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். சொல்லிக்கொடுக்கிற சாரே ஒருநாள், "இது சொல்லிக்கொடுத்து வர்றதில்லைம்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஆசனங்களின் பெயரும் எலும்புகளின் பெயரும் மனப்பாடம் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

உங்கள் அப்பா சும்மா இருப்பாரா? கீழ்பென்னாத்தூர் ரூட்டில் கண்டக்டர். ஊர் வம்பெல்லாம் அவருடைய பஸ்ஸில்தான் ஏறி இறங்கும். "சுடிதார் போட்டுக்கினு வெள்ளைக்காரங்களாண்ட காலத் தூக்கிக்கினு நிக்கிறாளாமே உன் பொண்டாட்டின்னு கேக்கறானுங்க. நான் இன்னா சொல்றது?" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முதுகு நிமிந்துட்டான்னு சொல்லுங்க" என்றேன். அது ஒன்றுதான் நான் என் வாழ்க்கையில் உடனே கொடுத்த பதில். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது சனிக்கிழமை காலையில் என் துணிப்பையை அவரே எடுத்து வாசலில் வைக்கிறார். வாயால் நல்ல வார்த்தை வராது, அது அவர் பிறவிக் குணம். பத்தாவது தாண்டாத மனுஷர் அந்த அளவுக்கு வந்துவிட்டார். இன்ஜினியரிங் படித்த நீ வரவில்லை.

இனி அந்தப் பரீட்சைக் கதை. நீ பாதியில் சிரித்துவிட்டாய், அதனால் முழுசும் சொல்கிறேன். கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வருவார். ஒவ்வொருவரும் தாங்கள் பழக்கிய ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். நான் நம் ஊர் நூலகக் கட்டடத்தில் நாற்று நடுகிற, களை எடுக்கிற பெண்கள் ஐந்து பேரைப் பழக்கி வைத்திருந்தேன். வகுப்பு முடிவில் எல்லாரும் மல்லாக்கப் படுக்க வேண்டும். மலைதான் சாமி, அதைப் பார்த்துக் கால் நீட்ட நம் ஊரில் யார் சம்மதிப்பார்கள்? அதனால் "தலையை மலைப் பக்கம் வெச்சுப் படுங்க" என்று பழக்கிவிட்டேன். நம் ஊருக்கு மலை கிழக்கே. கிழக்கே தலை வைப்பதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் செங்கம் ரோட்டுக் கூடத்துக்கு மலை வடக்கே இருக்கிறது. வருகிறவர்கள் மலையைப் பார்த்து உட்காரட்டும் என்று அங்கே பாய்களையெல்லாம் வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள். நானும் அங்கே ஒரு வருஷம் படுத்திருக்கிறேன். ஓரத்துப் பாயாகப் பார்த்துப் பிடித்து, யாரும் கவனிக்காதபடி கோணலாகப் படுத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு அன்றைக்குப் புத்தி எங்கே போனதோ, பழக்க தோஷத்தில் அதையே சொன்னேன். "தலையை மலைப் பக்கம் வெச்சுப் படுங்க. இதுக்குப் பேரு சவாசனம்."

ஒருத்தியும் படுக்கவில்லை. நம் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏங்கா, அது வடக்கால ஆச்சே. வடக்கால தலய வெச்சி சவமாட்டம் படுன்றீங்களே, நல்லாவா கீது?" என்றாள். இன்னொருத்தி, "அப்ப திரும்பிப் படுத்தா கால் சாமி பக்கம் போவுதே" என்றாள். ஐந்து பேரும் பொம்மை மாதிரி உட்கார்ந்துகொண்டு என் வாயைப் பார்க்கிறார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கதவருகே நின்றிருந்த சார் தலையை ஆட்டுகிறார். "பாயைக் குறுக்கால திருப்பிப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கிழக்கே தலை, மேற்கே கால், யாருக்கும் வம்பில்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் அந்தக் கூடத்தின் வரிசையைக் கலைக்க நான் யார், சார் வேறு வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாரே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்துவிட்டது. மாணவர்களை வழிநடத்தத் தெரியவில்லை என்று எழுதி என்னை ஃபெயிலாக்கிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து சாரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர், "பாயைத் திருப்பிப் போடச் சொல்லுங்கன்னுதானேம்மா நான் தலையை ஆட்டினேன்" என்றார். அன்றைக்கு எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுக்க இப்படித்தான். எதிரே இருக்கிறவர் என்ன நினைக்கிறார் என்று நானே ஒன்றை முடிவு செய்துகொண்டு, அதற்கு நானே சரி சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கிறேன்.

பரீட்சை நடந்த அன்று சாயங்காலம் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ, "நல்லதாப் போச்சு, விட்டுடும்மா. இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? சோறு ஆக்கற வேலையப் பாரு" என்றாய். சோறு ஆக்குகிற வேலை உனக்குக் கேவலமாக இருந்தது. அதை விட்டு வேறொன்று படித்தால் அதுவும் கேவலமாக இருக்கிறது. பின்னே நான் என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்? பரணில் போட்டு வைத்த குத்துவிளக்கா நான், கல்யாணத்தன்று மட்டும் துடைத்துப் பொட்டு வைக்க? வேலையில் இன்னும் சில வருஷம்தான் பாக்கி. அதற்குப் பிறகு அந்த நூலகக் கட்டடத்தில் காலையில் வகுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தருவதாக ஹெட்மாஸ்டர் சொன்னார். இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடப்பது மறுபரீட்சை. அதையும் விட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து ஒரு வருஷம் படிக்க வேண்டும். சாரும் இந்த வருஷத்தோடு தன் சொந்த ஊருக்கே போய்விடுகிறார். அதற்கப்புறம் அந்தப் பயிற்சி நடக்குமோ நடக்காதோ, யாருக்கும் தெரியாது. இதெல்லாம் உன்னிடம் முன்பே சொன்னேன். நீ "ம்" கொட்டிக்கொண்டே யாருடனோ பேசினாய்.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். அம்மா என்கிற முறையில் ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். வரப்போகிற பெண் எதற்காவது "சரிங்க" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே. இன்னொரு தடவை கேள். மூன்றாவது தடவையும் கேள். உங்கள் அப்பா கேட்கவில்லை, அதனால் எனக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று முப்பது வருஷம் கழித்தும் அவருக்குத் தெரியாது. நீயும் கேட்கவில்லை. கேட்காமலே உங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கை நன்றாகத்தான் ஓடியது, எனக்குத்தான் ஓடவில்லை. சரி சொல்லிச் சொல்லி ஒரு மனுஷி வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும். அந்தத் தப்பில் என் பங்குதான் ஜாஸ்தி. உன் பங்கு கம்மி. ஆனால் இல்லாமல் இல்லை.

நேற்றுக் காலை சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்ததற்கு நீ குதிப்பாய், குதித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது, நீங்களே பார்த்து எடுங்கள், அரக்கு நிறமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் பாவம், நல்ல மனசோடு, "ஏங்க, ஒரு ஞாயித்துக்கிழமை வைத்தியத்துக்குப் போவலன்னா முதுகுக்கு இன்னா ஆயிடப் போவுது? வேன்ல சாஞ்சிக்கினு வாங்க. படுத்துக்கினே இருக்கறீங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு, எங்களுக்கு மனசு கேக்கல" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. சனி ஞாயிறில் நான் ஏன் வீட்டில் இருப்பதில்லை என்று அவர்கள் கேட்டதற்கு, முதுகுத்தண்டு வைத்தியத்துக்குப் போகிறாள், மற்ற நாளெல்லாம் படுக்கைதான் என்று சொல்லி வைத்திருக்கிறாய். எழுந்து நிற்கிற அம்மாவைவிடப் படுத்த படுக்கையான அம்மா உனக்குக் கௌரவமாகத் தெரிந்திருக்கிறாள். சரவணா, நீ எத்தனையோ பேசியிருக்கிறாய், இது மாதிரி எதுவும் எனக்கு வலித்ததில்லை.

வழக்கம்போல "ஆமாங்க, முதுகுதான்" என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "முதுகு குணமாகி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. நான் யோகா டீச்சருக்குப் படிக்கிறேன். ஒரு தடவை ஃபெயிலாயிட்டேன். ஞாயித்துக்கிழமை மறுபடி பரீட்சை, அதை விட்டா எனக்கு வேற வழி இல்லைங்க" என்றேன். அவர், "படிக்கறது நல்லதுதாங்களே. அரக்குல பார்டர் பெருசா பாக்கறதா, சிறுசா பாக்கறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நீ இத்தனை நாள் பயந்து பயந்து மூடி வைத்த விஷயத்துக்கு அந்த வீட்டில் ஆன செலவு ஒரு நிமிஷம்.

ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் பெண் வாங்கிப் பேசினாள். பரீட்சை எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். நல்லபடியாக எழுதுங்கள் அத்தை என்றாள். எழுதுகிற பரீட்சை இல்லை என்று நான் சொன்னதும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இதுல மறைக்க இன்னா இருக்குதுங்க அத்தை? அவரு ஏன் எங்கிட்ட பொய் சொன்னாரு?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் அவளும் வருகிறாள். அதற்கு நீயே பதில் சொல்வாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா